ஏவலாள் எஜமானரான கதை

காளைப்போர் என்றதும் சிவப்புத் துணியை வீசும் ஸ்பெயின் வீரர்தான் நம் நினைவுக்கு வருவார். அவரை 'டொரியடோர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1875-இல் அரங்கேறிய 'கார்மென்' என்ற இசைநாடகம் உலகெங்கும் பரப்பிய சொல் அது. ஸ்பெயினில் காளையோடு மோதுபவர்களுக்குப் பொதுப்பெயர் 'டொரேரோ'. அவர்களில் தலைவர் 'மட்டடோர்', அதாவது கொல்பவர். நம் சல்லிக்கட்டில் ஆயுதம் கிடையாது. காளை வீடு திரும்பும். அங்கே காளையைக் கொல்வதில்தான் ஆட்டம் முடியும்.

ஒரு மாலையில் வழக்கமாக மூன்று மட்டடோர்கள், ஆறு காளைகள். ஒவ்வொரு மட்டடோருக்கும் ஒரு குழு உண்டு. குதிரைமேல் இருந்து ஈட்டியால் குத்தும் 'பிக்கடோர்' இருவர். வண்ணத்தாள் சுற்றிய கூர்முனைக் குச்சிகளைக் காளையின் தோளில் செருகும் 'பந்தேரியேரோ' மூவர். வாளை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் ஒருவர். முதலில் ஈட்டி, அடுத்து குச்சிகள், கடைசியில் மட்டடோரின் சிவப்புத் துணியும் வாளும். மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் வெள்ளைக் கைக்குட்டை காட்டினால் அடுத்த கட்டம் தொடங்கும்.

இந்த வரிசை முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு வரை குதிரையேறி ஈட்டியோடு காளையை எதிர்த்தவர்கள் பிரபுக்கள். தரையில் ஓடியாடி அவர்களுக்கு உதவியவர்கள் ஏவலாட்கள். 1700-இல் அரியணை ஏறிய ஐந்தாம் பெலிப்பேவுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. பிரபுக்கள் மெல்ல ஒதுங்கினார்கள். ஏவலாட்கள் களத்தைக் கைப்பற்றினார்கள். ரோந்தா ஊரின் பிரான்சிஸ்கோ ரொமேரோ 1726 வாக்கில் துணியும் வாளுமாகத் தரையில் நின்று காளையை எதிர்கொண்டார் என்பது மரபு. அவருடைய பேரன் பெத்ரோ ரொமேரோ 5,000-க்கும் மேற்பட்ட காளைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள்.

அந்தப் பழைய மரியாதையின் அடையாளம் உடையில் தங்கியிருக்கிறது. மட்டடோருக்கும் பிக்கடோருக்கும் தங்கச்சரிகை. பந்தேரியேரோவுக்குப் பெரும்பாலும் வெள்ளிச்சரிகை. குதிரைக்காரர் இன்று மட்டடோரிடம் சம்பளம் வாங்குகிறார். ஈட்டியை அதிகம் அழுத்தினால் கூட்டம் அவரைப் பார்த்துச் சீட்டியடிக்கிறது. ஆனாலும் தங்கம் அவரை விட்டுப் போகவில்லை.

இந்த மாற்றத்தில் அதிகம் அடிபட்டவை குதிரைகள். கொம்பு குத்திக் களத்திலேயே செத்த குதிரைகள் ஏராளம். 1928-இல்தான் அவற்றுக்குத் தடித்த மெத்தைக் கவசம் கட்டாயமானது. காளைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு வரவில்லை. அபூர்வமாக, மிக வீரமாகப் போராடிய காளைக்குத் தலைவர் ஆரஞ்சுக் கைக்குட்டை காட்டுவார். அது மன்னிப்பு, அந்தக் காளை பண்ணைக்குத் திரும்பும்.

காத்தலோனியா மாநிலம் 2010-இல் காளைப்போரைத் தடை செய்தது. 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. வாதம் ஓயவில்லை.

அடுத்த முறை காளைப்போர்ப் படம் ஏதாவது கண்ணில் பட்டால், குதிரைமேல் இருப்பவரின் சட்டையைக் கவனியுங்கள்.