மீன்பெட்டியின் தூய்மை: யாழ்ப்பாணக் கடற்றொழில் வரலாற்றில் ஒரு குறிப்பு

யாழ்ப்பாணக் கடற்றொழிலின் வரலாற்றை எழுதுவோர் வள்ளத்தையும் வலையையும் பற்றிப் பேசும் அளவுக்கு மீன்பெட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. உழைப்பின் பயன் சந்தைப் பண்டமாகும் வழியில் அதன் தரத்தைக் காப்பதும் கெடுப்பதும் இப்பெட்டியே எனின், இம்மௌனம் பொருத்தமானதன்று.

அண்மைச் சந்தைகளுக்குப் பனையோலைக் கடகமும் பறியும் போதியனவாயிருந்தன; தொலைவு செல்லவேண்டிய மீன் கருவாடாயிற்று. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறைவரை நிறைவெய்தக் கொழும்புச் சந்தை அண்மையாயிற்று. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவின. 1964இல் கடற்றொழிற் கூட்டுத்தாபனமும், 1967இல் காரைநகரில் நோர்வே உதவியுடன் சீநோர்த் திட்டமும் தோன்றின. பனிக்கட்டியிட்ட பச்சைமீன் பலகைப் பெட்டிகளில் தெற்கே சென்றது.

பலகை மலிவானது, உள்ளூர்த் தச்சரால் ஆக்கத்தக்கது, வெப்பத்தை எளிதிற் கடத்தாதது. ஆயின் அதன் நுண்துளைகள் குருதியையும் வழும்பையும் உறிஞ்சுகின்றன. எனவே முதலில் தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே குளோரின் நீர் இடுதல் வேண்டும். அழுக்கு எஞ்சியிருப்பின் குளோரின் அதனிலேயே செலவாகி வலுவிழக்கும். இறுதியில் வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். 1994இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரத்தாலான வெட்டுப்பலகைகளை ஆராய்ந்து, அவற்றிலிட்ட பக்டீரியாக்கள் பெரிதும் குறைந்தமையை வெளியிட்டனர். வெட்டுப்பலகையும் மீன்பெட்டியும் ஒன்றல்ல; எனினும் மரத்தை மட்டுமே குற்றவாளியாக்கல் தகாதென்பது புலனாகும். உலர வாய்ப்பற்ற ஈரமரமே கேட்டின் உறைவிடம்.

உலர்த்துவதற்குக் காலம் வேண்டும். அக்காலத்திற்கு மாற்றுப்பெட்டிகள் வேண்டும். மாற்றுப்பெட்டிக்கு மூலதனம் வேண்டும். கழுவுவதற்கோ நன்னீர் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றையே நம்பிய குடாநாட்டில், கிணற்றை அணுகும் உரிமை சாதியுடன் பிணைந்திருந்தது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்தமையே அதற்குச் சான்று. மீன்கழிவு கலந்த துறைமுக நீரிற் கழுவுவதோ அழுக்கை அழுக்காற் போக்குவதாகும். ஆகவே பெட்டியின் தூய்மை தொழிலாளியின் பழக்கவழக்கத்தை மட்டும் சார்ந்ததன்று. நீரும் மூலதனமும் எவர் கையில் உள்ளன என்பதையும் சார்ந்தது.

1990இல் யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை நின்றது, 2014இலேயே மீண்டது. இடைக்காலப் போர் கடலையும் சந்தையையும் மூடிற்று. இன்று பிளாஸ்டிக் பெட்டிகள் மரத்தின் இடத்தைப் பெரிதும் பெற்றுள்ளன. அவை வழும்பை உறிஞ்சுவதில்லை. ஆயினும் தாமாகத் தூய்மையடைவதுமில்லை. இறங்குதுறைகளில் நன்னீரும் கழுவும் மேடையும் வடிகாலும் அமையாதவரை, பெட்டியை மாற்றுவது பிரச்சினையின் தோற்றத்தை மாற்றுவதாகவே அமையும்.