ஐந்தில் ஒரு பங்கு

புதுக்கோட்டைப் பக்கத்து முதிய பெண்களிடம் பேச்சுக்கொடுத்தால் 'கண்டிச் சீமை', 'பால்மரக் காடு' என்ற இரண்டு பெயர்கள் காதில் விழும். முன்னது இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்கள். பின்னது மலேயாவின் ரப்பர் தோட்டங்கள். திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் போலவே புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும் பஞ்சமும் கடனும் துரத்த இவ்விரு நாடுகளுக்கும் ஆட்கள் போனார்கள். ஒரே மண்ணின் பெண்கள் இரண்டு நாடுகளில், இரண்டு சட்டங்களின் கீழ், இரண்டு பயிர்களில் கூலிகளானார்கள். அவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குக் கட்டாயமான பாடம்.

வேறுபாடுகள் பெரியவை. இலங்கைக்கு மண்டபம் முகாம் வழியாகக் குடும்பமாகப் போனார்கள். தோட்டத்துத் தொழிலாளரில் பெண்கள் பாதியை நெருங்கினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர்களில் தொடக்கத்தில் பெண்கள் மிகக் குறைவு. இலங்கையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடனைப் புதுத் தோட்டம் ஏற்றால்தான் ஆள் நகர முடியும். 1921இல்தான் அது ஒழிந்தது.

ஒற்றுமை கூலியில் இருக்கிறது. இலங்கையின் 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலையகத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மலேயாவில் அக்காலத்து நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. நாணயங்கள் வேறு என்பதால் தொகைகளை ஒப்பிட முடியாது; விகிதத்தை ஒப்பிடலாம். இரண்டிலும் பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்குதான். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது மலேயாவில் கூலியை 40க்கும் 32க்கும் இறக்கினார்கள். கூலி சரிந்தது; விகிதம் அசையவில்லை. நாட்டுக்கு நாடு எல்லாம் மாறியபோதும் மாறாமல் நின்றது அந்த ஐந்தில் ஒரு பங்கு.

பெண் குறைவாக உழைத்தாளா? தேயிலையில் கொழுந்து பறிப்பதுதான் தோட்டத்தின் வருமானம். அது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. கவ்வாத்து போன்ற ஆண்களின் வேலைகள் பல, குறித்த அளவு முடிந்ததும் பிற்பகலுக்குள் முடிந்துவிடும். கொழுந்து பறிப்பவள் மாலைவரை மலையில் நிற்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு சம்பளநாளில் அவள் கூலியைக் கணவனோ தகப்பனோ வாங்கிப்போவது வழக்கமாக இருந்தது. வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணித் தரகு பெற்ற கங்காணிக்கு, பெண்ணும் குழந்தையும் கூடுதல் தலைகள். 'ஆண் சம்பாதிப்பவன், பெண் அவனுக்குத் துணை' என்ற ஊர் வழக்கம் கடல் தாண்டிச் சட்டத்தின் எண்ணாக மாறியது.

இந்தியாவில் 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் 1984இல்தான் ஆண், பெண் நாட்கூலி சமமாயிற்று. இரண்டும் வெற்றிகள், ஐயமில்லை. ஆனால் நாட்கூலி இல்லாத இடத்தில் இச்சட்டம் எதைப் பிடிக்கும்? எங்கள் மாவட்டத்துக் கல்குவாரிகளில் பெண்கள் ஜல்லி உடைத்தார்கள். கூலி நாளுக்கல்ல, உடைத்த அளவுக்கு. அளப்பவரும் கணக்கெழுதுபவரும் ஒப்பந்ததாரரின் ஆட்கள். முன்பணம் வாங்கிய குடும்பம் குவாரியை விட்டு நகர முடியாது. துண்டு என்ற பெயர்தான் இல்லை.

1990களின் தொடக்கத்தில் இங்கே ஒரு மாற்றம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது; அறிவொளி இயக்கமும் பெண்களின் சைக்கிளும் ஊரெங்கும் பேச்சாக இருந்தன. அப்போது குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்கு வழங்கப்பட்டது. கூலிகளாக இருந்த ஆயிரக்கணக்கான பெண்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். எழுத்தும் கணக்கும் அவர்களுக்கு வெறும் பாடமல்ல; எத்தனை லோடு போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்கும் அதிகாரம். ஒப்பந்ததாரர்களின் எதிர்ப்பால் அந்த ஏற்பாடு எங்கும் உறுதியாக நிலைத்துவிடவில்லை. ஆயினும் சம கூலிச் சட்டம் தொடாத ஒன்றை அது தொட்டது: காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதை.

இன்று என் வகுப்பில் இருக்கும் மாணவியரில் சிலரின் அம்மாக்கள் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்கிறார்கள். அங்கே அவர்களின் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் இசைவில்லாமல் வேலை மாறுவது கடினம். மாதச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே இதையும் கேட்போம்: பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது? பணம் யார் கணக்கில் விழுகிறது?

கண்டிச் சீமைக்குப் போன பெண்ணிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை.