கோத்தர் கைத்தொழில்கள்

கோத்தர் நீலகிரியின் தொல்குடிகளுள் ஒரு பிரிவினர். மலைமேல் ஆறு, கூடலூர்ப் பக்கம் ஒன்று என ஏழு ஊர்களில் வாழ்கின்றனர். மசினகுடி அமைந்த சீகூர்ச் சமவெளிக்கு மேலே, மலைப்பகுதியில் உள்ள சோலூர் கோக்கால் அவற்றுள் ஒன்று. தோடர் எருமை வளர்த்தனர், படகர் பயிரிட்டனர், குறும்பர் காட்டுப்பொருள் தந்தனர். இவர்களுக்குக் கருவி செய்து தருவதும் பழுது நீக்குவதும் கோத்தரின் பங்கு.

சமவெளியில் கொல்லர், தச்சர், குயவர் தனித்தனிச் சாதியினர். கோத்தரிடம் இப்பிரிவினை இல்லை. ஆண்கள் இரும்பு, வெள்ளி, மரம், தோல், கயிறு ஆகிய வேலைகளோடு இசையும் அறிந்திருந்தனர்; பானை வனைதல் பெண்களுடையது. 1873இல் வெளிவந்த பிரீக்ஸின் நூல் இவற்றுள் பெரும்பாலானவற்றைக் குறிப்பிடுகிறது. ஒவ்வொரு படகர் குடும்பத்துக்கும் தோடர் குடும்பத்துக்கும் உறவுடைய கோத்தர் குடும்பம் ஒன்று இருந்தது. படகரிடமிருந்து தானியம், தோடரிடமிருந்து நெய் முதலியவை கூலியாகக் கிடைத்தன. உழவு நேரத்தில் மண்வெட்டி முறிந்தால் அந்த வீட்டுக்காரரே உலை மூட்ட வேண்டும்; இறப்புச் சடங்குக்குக் குழலும் கொம்பும் வேண்டுமென்றாலும் அவரே போக வேண்டும். ஆகவே எந்தக் கலையைக் கற்பது என்று ஒரு சிறுவன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க இடமில்லை. அடுத்த ஊரின் தேவையே அவனது பாடத்திட்டம்.

ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் ரயில் வந்தது. கடைகளில் இரும்புச் சாமான்கள் மலிந்தன. புதிய அரிவாளைக் கடையில் வாங்கலாம். மழுங்கியதைத் தீட்டி, கைப்பிடி மாற்றித் தர ஆள் அருகில்தான் வேண்டும் என்பது வேறு.

சந்தையைவிடக் கடுமையான கேள்வி உள்ளிருந்தே எழுந்தது. தோல் வேலையும் இறப்பு வீட்டு இசையும் பிறர் கண்ணில் கோத்தரைத் தாழ்த்தின. 1924இல் பரவிய கொள்ளைநோய் பலரைக் கொன்றது. அதன்பின் சுள்ளி என்ற பள்ளி ஆசிரியர் குடுமியைக் கத்தரித்துக்கொண்டு, இழிவெனக் கருதப்பட்ட வழக்கங்களை விட வேண்டும் என்றார். ஊரார் எதிர்த்தனர். 1930களில் இங்கு ஆய்வுசெய்த எமெனோ, மாண்டல்பாம் இருவருக்கும் தகவல் தந்தவரும் இவரே. அக்காலத்தில் படகரில் பலரும் கோத்தர் இசையைக் கைவிட்டனர்.

கொல்லுலையும் மட்பாண்டமும் இந்த இழிவுக்கு ஆளாகவில்லை. கோத்தரின் ஆண்டு விழாவில் இவ்விரு தொழில்களும் சடங்காகவே இடம்பெறுகின்றன.