பிரசவ அறை வாசலில் ஒரு சோதனை: நியூயார்க்கின் அனுபவம்

கருவுற்ற பெண்கள் அனைவருக்கும், நோயின் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொற்றுச் சோதனை செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் வரலாற்றை ஒரே நகரத்தில் தொடர்ச்சியாகக் காண விரும்புவோருக்கு நியூயார்க்கை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அந்நகரின் கர்ப்பிணிகள் 1938 முதல் மேகநோய்க்காகவும், 1980களின் பிற்பகுதி முதல் எச்.ஐ.வி.க்காகவும், 2020இல் கொரோனா தொற்றுக்காகவும் சோதிக்கப்பட்டார்கள். மூன்று முறையும் அறிவியல் தன் பங்கைச் செய்தது. மூன்று முறையும் சோதனையின் விடையால் பயனடைவது தாயா, சேயா, மருத்துவமனையா, அரசா என்ற கேள்வியும் உடன் எழுந்தது. இம்மூன்று கட்டங்களையும் சேர்த்து வாசிக்கும்போது, ஒரு சோதனையின் மதிப்பை அதன் துல்லியம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதும், விடை தெரிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதே அதை முடிவு செய்கிறது என்பதும் தெளிவாகின்றன.

சிபிலிஸ் எனப்படும் மேகநோய் வைரஸால் வருவதன்று. சுருள்வடிவப் பாக்டீரியாவால் வருவது. ஆயினும் கர்ப்பிணிகளைச் சோதிக்கும் முறைக்கு அடித்தளம் இட்டது அந்நோய்தான். 1906இல் பெர்லினில் ஆகஸ்ட் வாசர்மன் தம் சக ஆய்வாளர்களுடன் உருவாக்கிய இரத்தச் சோதனை, வெளியே எந்தப் புண்ணும் தெரியாத உடலிலும் அந்நோய் மறைந்திருப்பதைக் காட்டியது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் பரவும் இந்நோய், கருச்சிதைவுக்கும் இறந்து பிறத்தலுக்கும் பெருங்காரணமாக இருந்தது. ஆனால் அதைப் பொதுவில் பேசுவதே தகாததாகக் கருதப்பட்ட காலம் அது: 1934இல் நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையராக இருந்த தாமஸ் பாரன், வானொலி உரையில் அந்நோயின் பெயரைச் சொல்ல அனுமதி கிடைக்காததால் உரையாற்றவே மறுத்தார். பின்னர் அவர் நாட்டின் தலைமை மருத்துவ அலுவலராகி நடத்திய பரப்புரையின் சூழலில், 1938இல் நியூயார்க்கும் ரோட் ஐலண்டும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் இரத்தச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை முதன்முதலில் இயற்றின.

நியூயார்க் சட்டத்தில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருந்தது. பிறப்புச் சான்றிதழில் தாய்க்குச் சோதனை செய்யப்பட்டதா என்பது பதியப்பட வேண்டும். விடை என்ன என்பதோ எந்நிலையிலும் பதியப்படக் கூடாது. கடமை மருத்துவருக்கு, இரகசியம் பெண்ணுக்கு என்று பிரித்த இந்த ஏற்பாடு, பிற்காலச் சட்டங்கள் பலவற்றில் காணப்படாத தெளிவைக் கொண்டிருந்தது. அக்காலச் சிகிச்சை ஆர்செனிக், பிஸ்மத் ஆகியவற்றை வாரக்கணக்கில் ஊசி வழியாகச் செலுத்துவதாக, நீண்டதாகவும் துன்பம் மிக்கதாகவும் இருந்தபோதிலும், கருவுற்ற காலத்திலேயே அதைத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடிந்தது. 1943இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள மருத்துவமனையில் ஜான் மஹோனி பென்சிலின் மருந்தால் மேகநோயைக் குணப்படுத்திக் காட்டியபோது, ஐந்தாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட அச்சட்டம் தன் முழுப் பயனை அடைந்தது. பென்சிலின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் குணப்படுத்தியதால், ஒரே மருந்தால் தாயும் சேயும் நலம் பெற்றனர்.

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த எச்.ஐ.வி. காலத்தில் இந்தத் தெளிவு குலைந்தது. 1980களின் தொடக்கத்திலேயே நியூயார்க்கிலும் அண்டையிலுள்ள நியூஜெர்சியிலும் கைக்குழந்தைகளிடம் எய்ட்ஸ் நோய் காணப்பட்டது; 1985இல் இரத்தச் சோதனைக்கு உரிமம் கிடைத்தபோது, நோயைக் கண்டறிய வழி பிறந்தது, தீர்க்க வழி பிறக்கவில்லை. 1987இன் இறுதியில் நியூயார்க் மாநிலம், வேறு பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிவதற்காகப் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி வடிதாளில் எடுக்கப்படும் இரத்தத்துளியில் எஞ்சியதைப் பெயர் நீக்கி எச்.ஐ.வி.க்காகச் சோதிக்கத் தொடங்கியது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதங்கள், தாயிடமிருந்து வந்தவை. எனவே குழந்தையின் விடை உண்மையில் தாயின் விடையே; குழந்தைக்குத் தொற்று உண்டா என்பதை அது சொல்லாது. மாநிலத்தின் எந்தப் பகுதியில் எத்தனை தாய்மாருக்குத் தொற்று இருக்கிறது என்பது அரசுக்குத் தெரிந்தது. அந்தத் தாய்மாருக்குத் தெரியவில்லை.

தருவதற்கு மருந்தே இல்லாத காலத்தில் இந்த மறைவுக்கு நியாயம் சொல்ல முடிந்தது. 1994இல் அந்நியாயம் நிலைகுலைந்தது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வொன்றில், கருவுற்ற காலத்திலும் பிரசவ வலியின்போதும் தாய்க்கும், பிறந்த பின் ஆறு வாரங்களுக்குக் குழந்தைக்கும் ஏ.இசட்.டி. என்னும் மருந்தைக் கொடுத்தால், குழந்தைக்குத் தொற்று பரவும் விகிதம் 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைகிறது என்று தெரிய வந்தது. மருந்து கையில் இருக்கும்போது விடையை மறைத்து வைப்பது சிகிச்சையை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும். குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் நெட்டி மேயர்சன், குழந்தைகளின் சோதனை விடையைத் தாய்க்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார். இது தாயின் இசைவின்றித் தாயையே சோதிப்பதாகும் என்றும், வேலையையும் வீட்டையும் இழக்க நேருமோ என்ற அச்சத்தால் பெண்கள் மருத்துவமனைகளை விட்டே விலகுவார்கள் என்றும் பெண்கள் அமைப்புகளும் உரிமை அமைப்புகளும் எதிர்த்தன. 1996இல் சட்டம் நிறைவேறி, 1997 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. விடை தாய்க்குச் சேர வேண்டும் என்பது சரியே. ஆனால் குழந்தை பிறந்த பிறகு வரும் விடை, பரவலைத் தடுக்க வேண்டிய காலத்தைத் தவற விட்டு வருகிறது. ஆகவே கருவுற்ற காலத்திலேயே ஆலோசனை கூறி, இசைவு பெற்றுச் சோதிப்பதை மாநிலம் ஊக்குவித்தது. அவ்வாறு சோதிக்கப்படாமலேயே பிரசவத்துக்கு வரும் பெண்களுக்காக, 1999 முதல் பிரசவ அறையிலேயே விரைவுச் சோதனை செய்யும் ஏற்பாடு வந்தது. நியூயார்க்கில் எச்.ஐ.வி.யுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2010களில் ஆண்டுக்கு ஒரு சிலர் என்ற அளவுக்குக் குறைந்தது. சோதனையும் சிகிச்சையும் அனைவருக்கும் இலவசமாகச் சேரும் பொது மருத்துவ அமைப்பு உள்ள இடங்களில் இதே வழி இன்னும் தொலைவு சென்றது: 2015இல் கியூபாவும், 2019இல் இலங்கையும், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்த நாடுகள் என உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டன.

அறிகுறியையோ 'ஆபத்து மிகுந்த பிரிவு' என்ற அடையாளத்தையோ நம்பிச் சோதிப்பது போதாது என்ற பாடமும் இதற்குள் நிலைபெற்றிருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸுக்காக, அமெரிக்காவில் தொடக்கத்தில் ஆபத்து மிகுந்தவர்கள் எனக் கருதப்பட்ட கர்ப்பிணிகள் மட்டுமே சோதிக்கப்பட்டனர்; தொற்றுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனால் தவறிப்போனது தெரிந்ததும், 1988இல் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. பிறந்த உடனே குழந்தைக்குப் போடக்கூடிய தடுப்பூசி அப்போது கையில் இருந்ததால், அந்தச் சோதனை எதிர்ப்பின்றி வேரூன்றியது.

நியூயார்க் நகரில் கொரோனா தொற்று முதன்முதலில் உறுதியானது 2020 மார்ச் 1 அன்று. அம்மாதத்திலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனைகளில், அறிகுறி ஏதுமின்றிப் பிரசவத்துக்குச் சேர்ந்த இரு பெண்கள் குழந்தை பிறந்த பின் திடீரெனக் கடுமையாக நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். அதற்குள் அவர்களைக் கவனித்த மருத்துவப் பணியாளர் பலர் உரிய பாதுகாப்பின்றித் தொற்றுக்கு ஆட்பட நேர்ந்திருந்தது. பிரசவத்தை ஒத்திப்போட முடியாது, தொலைவில் நின்று பார்க்கவும் முடியாது. காய்ச்சல், இருமலைக் கேட்டறிவது மட்டும் போதாது என்பது இதனால் உறுதியாயிற்று. மார்ச் 22 முதல், பிரசவத்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் மூக்கின் உட்பகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்யப்பட்டது.

ஏப்ரல் 4 வரையிலான இரு வாரங்களில் அங்கு 215 பெண்கள் பிரசவித்தனர். அறிகுறியுடன் வந்த நால்வருக்கும் தொற்று இருந்தது. அறிகுறியற்ற 211 பேரில் 210 பேர் சோதிக்கப்பட, 29 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்குத் தொற்று உறுதியானது. தொற்றுள்ள 33 பேரில் 29 பேர் நலமாகவே காணப்பட்டனர் என்பதே இதன் பொருள். ஏப்ரல் நடுவில் இக்கணக்கு வெளியானபோது, அறிகுறியற்ற தொற்றின் பரப்பைக் குறித்து உலகுக்குக் கிடைத்த முதல் தெளிவான சான்றுகளுள் ஒன்றாக அது அமைந்தது. பெருந்தொற்று உச்சத்தில் இருந்த அக்காலத்தில் பிற நோயாளிகள் மருத்துவமனைக்கு வராமல் ஒதுங்கியிருக்க, கர்ப்பிணிகள் மட்டும் வந்தே ஆக வேண்டியிருந்ததால், நகரத்தில் தொற்று எந்த அளவு பரவியிருக்கிறது என்பதை அவர்களுடைய உடல்களே காட்டின.

அவர்கள் காட்டியது வைரஸை மட்டுமன்று. கொலம்பியா மருத்துவர்கள் 396 கர்ப்பிணிகளின் விடைகளை அவர்கள் வாழும் கட்டடங்களோடு ஒப்பிட்டனர். அவர்களுள் 71 பேருக்குத் தொற்று இருந்தது. ஒரே வீட்டில் பலர் வாழும் பகுதிகளிலும், நெரிசல் மிகுந்த வீடுகள் உள்ள பகுதிகளிலும், வேலையின்மை மிகுந்த பகுதிகளிலும் வாழ்ந்த பெண்களிடம் தொற்று அதிகமாகவும், விலைமதிப்பு உயர்ந்த கட்டடங்களில் வாழ்ந்தோரிடம் குறைவாகவும் இருந்தது. மக்கள் அடர்த்தி மட்டும் தனியே தொற்றோடு தொடர்புறவில்லை. உயர்ந்த மாடிக் கட்டடத்தில் வாழ்வது ஆபத்தன்று, ஒரே அறையில் பலர் ஒடுங்கி வாழ்வதே ஆபத்து என்பதைப் பிரசவ அறைச் சோதனை எண்களில் உணர்த்தியது. அரசின் கொள்கைக்குப் பயன்படக்கூடிய அறிவு இது. அதைத் தந்தவர்களோ பெரும்பாலும் அக்கொள்கையில் குரலற்றவர்கள்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதும் உண்டு. மார்ச் இறுதியில் நகரின் பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் சில, கணவர் உட்பட எவரையும் பிரசவ அறைக்குள் அனுமதிக்காமல் இருந்தன. பிரசவத் துணை ஒருவரை அனுமதித்தே ஆக வேண்டும் என்று சில நாட்களுக்குள் மாநில அரசு ஆணையிட்டது. தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைத் தற்காலிகமாகப் பிரித்து வைக்கவும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஏப்ரல் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. தாய்ப்பாலும் தாயின் அணைப்பும் கிடைக்க வேண்டிய முதல் மணிநேரங்களில் ஒரு சோதனை விடை தாயையும் சேயையும் பிரித்தது என்றால், அந்த விடையைப் பெற்றதால் அவளுக்கு நேர்ந்தது இழப்பே.

அந்த இழப்பை நீக்கவும் அதே சோதனைதான் வழி செய்தது. மார்ச் 22 முதல் மே 17 வரை நியூயார்க்கின் மூன்று மருத்துவமனைகளில் தொற்றுள்ள 116 தாய்மாருக்குப் பிறந்த 120 குழந்தைகள் ஆராயப்பட்டனர். தாய் முகக்கவசம் அணிந்து, கைகளையும் மார்பையும் கழுவிப் பாலூட்டலாம், குழந்தை அதே அறையில் மூடிய தொட்டிலில் இருக்கலாம் என்று அங்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. பிறந்த 24 மணி நேரத்தில் செய்த சோதனையில் ஒரு குழந்தைக்கும் தொற்று இல்லை. பின்தொடரப்பட்ட குழந்தைகளிடம் அடுத்த இரு வாரங்களில் மீண்டும் செய்த சோதனைகளிலும் தொற்று காணப்படவில்லை. 2020 ஜூலையில் குழந்தை மருத்துவர் சங்கம் தன் பரிந்துரையை மாற்றி, தாயும் சேயும் சேர்ந்திருக்கலாம் என்றது.

இந்தியாவில் இந்த அனுபவம் வேறோர் ஆபத்தைக் காட்டியது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழும், ஐந்து நாட்களுக்குள் பிரசவம் எதிர்பார்க்கப்படும் பெண்களை அறிகுறி இல்லாவிட்டாலும் சோதிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரலில் அறிவுறுத்தியது. சோதனைச் சான்றில்லை என்று கூறி வலியோடு வந்த பெண்களை மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியதாகச் செய்திகள் பல இடங்களிலிருந்து வந்தன. சோதனை இல்லை என்பதற்காகப் பிரசவம் உள்ளிட்ட எந்த அவசரச் சிகிச்சையையும் தாமதப்படுத்தக் கூடாது என்று மே மாதத்து வழிமுறையில் அக்கழகம் எழுத நேர்ந்தது. உள்ளே அழைத்துக் காப்பதற்காக வந்த சோதனை, வெளியே நிறுத்தும் காரணமாக மாறுவதற்குச் சில வாரங்களே போதுமாயிருந்தன.

தடுப்பூசி பரவி, நோயின் கடுமை தணிந்த பின், அறிகுறியற்றோரை மருத்துவமனையில் சேர்க்கும்போது வழக்கமாகச் சோதிக்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு வல்லுநர் சங்கம் 2022 டிசம்பரில் அறிவித்தது. பயன் முடிந்த சோதனையைக் கைவிடுவதும் நல்ல மருத்துவத்தின் பகுதியே. ஆனால் பயன் முடியாத சோதனைகளின் நிலை கவலை தருகிறது. 1938இல் தொடங்கிய சோதனையால் வெல்லப்பட்டதாகக் கருதப்பட்ட மேகநோய், 2022இல் அமெரிக்காவில் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறவியிலேயே தாக்கியது. உரிய காலத்துச் சோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் அவற்றில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தடுக்கப்பட்டிருக்கும் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமே கூறியது. சட்டம் இருந்தது, சோதனை இருந்தது, விலை மலிந்த பென்சிலினும் இருந்தது; அவற்றுக்கும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் இடையே இருக்க வேண்டிய மருத்துவக் கவனிப்புத்தான் அறுந்து கிடந்தது. அடுத்த பெருந்தொற்றுக்காகச் சோதனைக் கருவிகளைச் சேமித்து வைக்கும் அரசுகள், பிரசவத் துணைக்கான உரிமை, தாயும் சேயும் பிரியாதிருக்கும் உரிமை, விடை எதுவானாலும் மருத்துவமனையில் இடம் கிடைக்கும் உரிமை ஆகியவற்றையும் முன்கூட்டியே எழுதி வைப்பது இன்றியமையாதது. எண்பது ஆண்டுக்கால நியூயார்க் வரலாறு வற்புறுத்தும் கடமை இதுவே.