மெழுகுப்புழு (தொற்று ஆய்வில்)

மெழுகு அந்துப்பூச்சியின் (கேலரியா மெல்லோனெல்லா) புழுப்பருவம். தேனடையைக் குடைந்து நூலாம்படை பின்னும். தேனீ வளர்ப்போருக்குத் தீராத பகை. கிருமி ஆய்வாளருக்கோ எலிக்கு முன்னால் சோதித்துப் பார்க்கும் உயிர்.

தமிழ்நாட்டில்: திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை தேனீ வளர்ப்பு கற்பித்தார். நியூட்டன் தேனீப் பெட்டி அவர் பெயரால் வழங்குகிறது. பெட்டியில் ஈக்கூட்டம் மெலிந்தால் பழைய அடையில் இந்தப் புழு விழும்.

தொடக்கம்: பூச்சிகளில் தொற்று ஆய்வு பட்டுப்புழுவோடு தொடங்கியது. அதன் ஒரு நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று இத்தாலியின் அகஸ்தினோ பாஸி 1835இல் காட்டினார்.

மெட்டல்னிகோவ் காலம்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய அறிஞர் செர்கெய் மெட்டல்னிகோவ் இப்புழுவைக் கையிலெடுத்தார். காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகுத்தன்மை கொண்டது. மெழுகையே தின்று வாழும் புழுவுக்கு அந்த உறையும் செரிக்காதா என்று அவர் கேட்டார். கிருமி செலுத்தப்பட்ட புழுக்கள் தாக்குப்பிடித்தன. இரத்த அணுக்கள் கிருமிகளை விழுங்கின. ஆனால் அதற்கு மெழுகுச் செரிமானம்தான் காரணமா என்பதில் பிற்காலத்தவர் உடன்படவில்லை. பின்னர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், வீரியம் குறைந்த கிருமியை முதலில் பெற்ற புழு பிறகு கடுமையான தொற்றையும் தாங்குகிறது என்றார். பூச்சிகளுக்கு எதிர்ப்பொருள் கிடையாது. ஆகவே இதை நோயெதிர்ப்பு நினைவு என்பாரும், தற்காலிகக் கிளர்ச்சி மட்டுமே என்பாரும் உண்டு.

பின்னர்: செக்ரோப்பியா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து பிரித்த கிருமிக்கொல்லிப் புரதங்களை ஹான்ஸ் போமன் குழு 1981இல் அறிவித்தது. சூடோமோனாஸ் கிருமியின் வீரியம் மெழுகுப்புழுவிலும் எலியிலும் ஒத்துப்போவதை 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2002இல் ஜப்பானியர் பட்டுப்புழுவில் இதே வழியைத் தொடர்ந்தனர்.

முறை: பின்பக்கப் போலிக்காலின் வழியே சுமார் 10 மைக்ரோலிட்டர் கிருமிக் கரைசலைச் செலுத்துவர். மனித உடல் வெப்பமான 37 பாகையிலும் புழு பிழைக்கும் என்பதே இதன் சிறப்பு. தொற்று முற்ற முற்ற வெளிர்மஞ்சள் உடல் கறுக்கும். மல்லாத்திப் போட்டால் நலமான புழு நெளிந்து குப்புறத் திரும்பிக்கொள்ளும். தொட்டும் அசையாதது செத்ததாகக் கணக்கு.

அண்மைக்காலம்: புழுவின் மரபணுத் தொகுதி 2018இல் வெளியானது. புதுக்கோட்டைக்குத் தெற்கே, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொற்று ஆய்வுக்கு வேறொரு சிற்றுயிரான சி. எலிகன்ஸ் பயன்படுகிறது. அது ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு, பூச்சியினம் அன்று.