போர் எச்சமும் புலமை நல்கையும்: சீனாவில் ஃபுல்பிரைட் திட்டம், 1947–1949

இரண்டாம் உலகப்போர் முடிவுற்றபோது அமெரிக்கப் படைகளின் வண்டிகளும் இயந்திரங்களும் உணவுச் சரக்குகளும் அயல்நாடுகளில் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாயகத்திற்கு ஏற்றிச்செல்வது பயன் தராது. வாங்க முன்வந்த நாடுகளிடமோ டாலர் இல்லை. அர்கன்சாஸ் மாநிலச் செனட் உறுப்பினர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் இவ்விக்கட்டிலேயே ஒரு வழியைக் கண்டார். விற்பனைத் தொகையை அந்தந்த நாட்டு நாணயத்தில் பெற்றுக் கல்விப் பரிமாற்றத்திற்குச் செலவிடலாம் என்பது, ரோட்ஸ் நல்கையால் ஆக்ஸ்போர்டில் பயின்ற அவரது முன்மொழிவு. 1944-ஆம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டத்திற்கான திருத்தமாகவே அது முன்வைக்கப்பட்டது. புதிய வரிப்பணம் எதையும் கோராத அம்முன்வரைவு செனட் அவையில் விவாதமின்றி நிறைவேற, 1946 ஆகஸ்டு 1 அன்று அதிபர் ட்ரூமன் ஒப்பமிட்டார்.

நிதியின் இத்தோற்றுவாய் திட்டத்தின் இயல்பையே வரையறுத்தது. அயல்நாணயம் அந்நாட்டிற்குள்தான் செல்லும். ஆகவே, அங்குச் செல்லும் அமெரிக்க அறிஞரின் வாழ்க்கைச் செலவை அது தாங்கியது. அமெரிக்கா செல்லும் அயல்நாட்டவருக்கோ பயணச் செலவுக்கு மட்டுமே உதவிற்று. தேர்வை மேற்பார்வையிட அதிபர் நியமிக்கும் தனி வாரியம் ஒன்றையும் சட்டம் ஏற்படுத்தியது. எனினும் இரு அரசுகளுக்கிடையே உடன்படிக்கை இல்லையேல் நல்கையும் இல்லை. வாரியத்தின் தன்னுரிமையை மட்டும் எடுத்துரைக்கும் வரலாறுகள் இந்நிபந்தனையைப் போதிய அளவு கருதுவதில்லை.

முதல் உடன்படிக்கை 1947 நவம்பர் 10 அன்று சீனாவுடன் கையெழுத்தானது. மொத்தம் 2 கோடி டாலர் மதிப்புள்ள சீன நாணயம், ஆண்டொன்றுக்கு 10 இலட்சம் டாலர் மதிப்பிற்கு மிகாமல் செலவிடப்படும் என்பது ஏற்பாடு. அதாவது, இருபது ஆண்டுகள் நீளக்கூடிய கணக்கு. அதில் இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை.

தொடக்ககால நல்கையாளருள் ஒருவரான பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சீனவியலாளர் டெர்க் போடே 1948-இல் பீக்கிங் சென்றார். ஃபெங் யூலானின் சீன மெய்யியல் வரலாற்று நூலின் இரண்டாம் பகுதியை மொழிபெயர்ப்பதே அவர் நோக்கம். முதற்பகுதி 1937-இலேயே வெளிவந்திருந்தது. பழந்தத்துவத்தை நாடிச் சென்றவர் முற்றுகையிடப்பட்ட நகரில் வாழ நேர்ந்தது. 1949 ஜனவரி 31 அன்று பொதுவுடைமைப் படை பீக்கிங்கினுள் நுழைந்ததற்கு அவர் சாட்சியானார். மொழிபெயர்ப்புப் பணி நிற்கவில்லை. அவ்வாண்டின் விலையேற்றம், அச்சம், எதிர்பார்ப்பு ஆகியவற்றைப் பதிந்த அவரது ‘பீக்கிங் நாட்குறிப்பு’ 1950-இல் வெளியாயிற்று. மொழிபெயர்ப்பின் இரண்டாம் பகுதி 1953-இல் பிரின்ஸ்டனில் அச்சேறியது. வெளியுறவுக் கொள்கை தோற்ற இடத்திலேயே நல்கை தன் பயனைத் தந்தது எனலாம். ஆயினும் அப்பயன் நல்கையைக் காக்கவில்லை.

1949-இல் திட்டம் சீனாவில் முடிவுற்றது. தூதரக உறவு முறைப்படி மலர்ந்த 1979-இல்தான் அது மீண்டும் தொடங்கியது. 2020 ஜூலையில், ஹாங்காங் தொடர்பான அதிபர் ஆணை ஒன்றின் உட்பிரிவாக, சீனாவுக்கும் ஹாங்காங்கிற்குமான ஃபுல்பிரைட் பரிமாற்றம் மறுபடியும் நிறுத்தப்பட்டது.