செப்சிஸில் குருதி உறைவுக் கோளாறு

தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றும் கடும் செப்சிஸில், இரத்தம் உறையும் முறையே குலைந்துபோகும் நிலையை மருத்துவர்கள் 'டி.ஐ.சி.' என்பார்கள். நுண்குழாய்களில் சிறு கட்டிகள் உறைந்து, தட்டணுக்களையும் உறைவுப் புரதங்களையும் தின்று தீர்க்கும். பிறகு வேறிடத்தில் இரத்தம் நிற்காது. விரல் நுனி கறுத்திருக்கும். அதே கையில் ஊசி குத்திய இடம் கசிந்துகொண்டே இருக்கும்.

பினாங்கில், ஜோர்ஜ் டவுன் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பொது மருத்துவமனை போன்ற இடங்களில், தட்டணு குறைந்தால் டிங்கியும் நினைவுக்கு வர வேண்டும். மெலியோய்டோசிஸ் இன்னும் வஞ்சகமானது: மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இதன் கிருமி, நீரிழிவுக்காரரை எளிதில் வீழ்த்தும். பழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றுக்கு மசியாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் வேண்டும். மூலத்தொற்றை அடக்குவதே உறைவுக் கோளாறுக்கும் முதல் சிகிச்சை.

தட்டணு மைக்ரோலிட்டருக்கு 10,000க்குக் கீழே போனால், கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவது வழக்கம். கசிவிருந்தால் வரம்பு 50,000. பரிசோதனைத் தாளின் எண்ணைத் திருத்துவதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்றுவதில் பயனில்லை.

கடும் செப்சிஸுக்கென 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'சிக்ரிஸ்' என்ற மருந்து பெரும் நம்பிக்கையோடு வந்தது. ஏறத்தாழ 1,700 பேரிடம் நடந்த ஆய்வில் அது உயிர்காக்கவில்லை என்று தெரிந்து, 2011 அக்டோபரில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. டி.ஐ.சி.க்கு ஆன்டித்ராம்பின், த்ராம்போமாடுலின் ஆகிய மருந்துகள் ஜப்பானில் வழக்கிலுள்ளன.